பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

எங்க சொந்தத்துலயோ ஆபீஸ்லயோ யாராவது முழுகாம இருக்காங்கன்னு தெரிஞ்சா கொஞ்ச நாள்ல எனக்கு போன் வந்துரும், "அக்கா, எந்த ஆஸ்பத்திரிக்கு போகலாம்?"னு. நான் டாக்டரும் இல்ல நர்சும் இல்ல. ரெண்டு பிள்ளை பெத்தவ, அதுல முதல் பிரசவத்துல உயிர் போய் வந்துச்சு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் இதைப்பத்தி தேடித்தேடி படிச்சேன், டாக்டருங்க கிட்ட கேட்டேன், நர்சுங்க கிட்ட கேட்டேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை இங்க மொத்தமா எழுதிடுறேன். உங்க உடம்பு விஷயத்துல கடைசி வார்த்தை உங்க டாக்டரோடதுதான்.

ஆஸ்பத்திரி பாக்குறப்ப முதல்ல எதைப் பாக்கணும்?

ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க யார் இருப்பாங்க, என்ன இருக்கும். இதை மட்டும் பாருங்க, மத்ததெல்லாம் இதுக்கு பின்னாடிதான்.

ஏன் இப்படி சொல்றேன்னா, என் தலைப்பிரசவம் எங்கம்மா ஊர்ல, திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல. சுத்தமான இடம், மேடமும் நல்லவங்க, எங்க சித்தி பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் அங்கதான் பாத்தது. ராத்திரி வலி எடுத்து ரெண்டு மணி வாக்குல நார்மலாவே பிள்ளை பொறந்துருச்சு, நஞ்சுக்கொடியும் வந்துருச்சு, ஆனா ரத்தம் நிக்கல. அந்த நேரத்துல அங்க இருந்தது ரெண்டு நர்சும் ஒரு ஆயாவும்தான். மேடம் வீட்டுல இருந்து வந்து சேர இருபது நிமிஷம் ஆச்சு, வந்து அவங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணாங்க, ஆனா ஒரு பாட்டில் ரத்தம் கூட அங்க இல்ல. எங்கண்ணன் பைக் எடுத்துட்டு ரத்த வங்கிய தேடி ஓடுறான், இங்க என்னைய மதுரைக்கு கொண்டு போங்கன்னு சொல்லிட்டாங்க, 108 வந்து ஏத்திக்கிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ரோட்டுல. எனக்கு பாதி நினைவு இல்ல. மதுரையில நாலு பாட்டில் ரத்தம் ஏத்தி காப்பாத்தினாங்க. என் மகளை நான் தூக்குனது அஞ்சாவது நாள்.

அந்த மேடம் மேல எனக்கு கோவம் கிடையாது. ஆள் திறமைசாலிதான், அந்த இடத்துல வசதி இல்ல. இதை நாங்க முன்னாடியே கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், கேக்கவே இல்லைங்கிறதுதான் இன்னைக்கு வரைக்கும் மனசுல இருக்கு.

அப்படின்னா ஆஸ்பத்திரியில என்னென்ன கேக்கணும்?

மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருக்காரா இல்ல போன் போட்டு கூப்பிடணுமா, கூப்பிட்டா எத்தனை நிமிஷத்துல வருவாரு. நிறைய நர்சிங் ஹோம்ல இவர் வெளியில இருந்துதான் வருவாரு, அதே நாள்ல மூணு நாலு ஆஸ்பத்திரிக்கு போறவரா இருப்பாரு, அவர் வராம அவசர சிசேரியன் பண்ண முடியாது. அடுத்தது ரத்தம். அங்கேயே இருப்பு வச்சிருக்காங்களா, இல்லைன்னா எந்த ரத்த வங்கி, அது ராத்திரி திறந்திருக்குமா. குழந்தை டாக்டர் பிரசவ நேரத்துல பக்கத்துல இருப்பாரா, பிள்ளை அழலைன்னா மூச்சு குடுக்கத் தெரிஞ்ச நர்ஸ் ராத்திரி ஷிஃப்ட்ல இருக்காங்களா. ராத்திரி டூட்டி டாக்டர் மகப்பேறு படிச்சவங்களா இல்ல எம்பிபிஎஸ் மட்டுமா.

இன்னொண்ணு, இதை யாருமே கேக்குறதில்ல: "இங்க முடியலைன்னா எங்க அனுப்புவீங்க, கூட யார் வருவாங்க?" இதுக்கு பட்டுனு பதில் வந்தா அந்த ஆஸ்பத்திரி இதை யோசிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். "அதெல்லாம் நம்ம இடத்துல நடக்காதும்மா"ன்னு சொன்னா எனக்கு பயமா இருக்கும். பிள்ளை பொறந்தப்புறம் ரத்தம் அதிகமா போறதுங்கிறது எந்த பிரச்சனையும் இல்லாத, எல்லா டெஸ்டும் நார்மலா இருக்கிற பொண்ணுக்கும் வரும், எனக்கு வந்த மாதிரி. அதனாலதான் பிள்ளை பொறந்த உடனே கர்ப்பப்பை சுருங்குறதுக்கு ஆக்ஸிடோசின் ஊசி எல்லாருக்குமே போடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

இப்படியெல்லாம் கேட்டா டாக்டர் கோச்சுக்க மாட்டாங்களா?

கேக்குற விதத்துல கேட்டா கோச்சுக்க மாட்டாங்க. "மேடம், எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு ரத்தம் ரொம்ப போயிருச்சு, அதான் பயமா இருக்கு, ராத்திரி நேரத்துல இங்க என்ன ஏற்பாடு?"ன்னு கேளுங்க. நல்ல டாக்டரா இருந்தா உக்கார வச்சு சொல்லுவாங்க. டாக்டர்கிட்ட வாய் வரலைன்னா அங்க இருக்கிற சீனியர் சிஸ்டர்கிட்ட தனியா கேளுங்க, நிஜமான பதில் பெரும்பாலும் அவங்ககிட்டதான் கிடைக்கும். ஒரு நாள் சாயங்காலம் ஏழெட்டு மணிக்கு மேல சும்மா போய் பாருங்க, யார் இருக்கா, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருதான்னு அப்ப தெரியும்.

கேட்டதுக்கு ஒருத்தர் எரிஞ்சு விழுந்தா, அதையும் ஒரு பதிலா எடுத்துக்கங்க. நாளைக்கு வலியில கிடக்கிறப்ப நீங்க கேக்குறதுக்கு அவங்க எப்படி பதில் சொல்லுவாங்கன்னு இன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

கவர்மெண்ட்டா பிரைவேட்டா?

இந்த கேள்விக்கு நம்ம ஊர்ல பதில் சொல்றது மருத்துவம் இல்ல, கௌரவம். "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயா போட்டீங்க"ன்னு சம்பந்தி வீட்ல கேட்டுருவாங்களேன்னு கடன் வாங்கி பிரைவேட்டுக்கு போறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன்.

கவர்மெண்ட்லயே எல்லா இடமும் ஒண்ணு இல்லைங்கிறதை முதல்ல புரிஞ்சுக்கங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல 24 மணி நேரமும் நர்ஸ் இருந்து பிரசவம் பாப்பாங்க, பிரச்சனை எதுவும் இல்லாத நார்மல் பிரசவத்துக்கு அது போதும், அதுவும் ரெண்டாவது பிரசவம்னா தாராளமா போகலாம். ஆனா திடீர்னு ரத்தம் போனா எங்க அனுப்புவாங்கன்னு அங்கயும் கேட்டு வச்சுக்கங்க. அதுக்கு மேல சீமாங் சென்டர்னு சொல்லுவாங்க, அவசர பிரசவத்தையும் பச்சப்பிள்ளையையும் பாக்குற மையம், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி, சில தாலுகா ஆஸ்பத்திரியில எல்லாம் இருக்கு. அங்க மகப்பேறு டாக்டர், மயக்க டாக்டர், குழந்தை டாக்டர், ரத்தம், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் ராத்திரி பகலா இருக்கணுங்கிறதுதான் அந்த சென்டரோட கணக்கே. நான் மேல சொன்ன ராத்திரி ரெண்டு மணி கேள்விக்கு பல ஊர்ல இருக்கிற பிரைவேட் நர்சிங் ஹோமை விட இவங்ககிட்டதான் பதில் இருக்கு. சென்னையில எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல இருந்து இருக்கு, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் எல்லாமே இதே வேலைக்குன்னே இருக்கிற இடங்க. பிரைவேட்ல சிக்கலாகி கடைசி நேரத்துல அனுப்புற கேஸ் எல்லாம் இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் போகுது.

என் ரெண்டாவது பிரசவம் சீமாங் சென்டர்லதான். கூட்டம் ஜாஸ்தி, பாத்ரூம் சரியில்ல, ஒரு நர்ஸ் சத்தம் போட்டாங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல பெஞ்சுல உக்காந்திருந்தேன், இதையெல்லாம் மறைக்கல. ஆனா முன்னாடி ரத்தம் போன கதைய கேஸ் ஷீட்ல பாத்த உடனே ரெண்டு பாட்டில் ரத்தம் எடுத்து வச்சிட்டாங்க, கையில ரெண்டு பக்கமும் ஊசி குத்தி ரெடியா வச்சிட்டாங்க, பிள்ளை பொறக்குறப்ப மூணு டாக்டர் நின்னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. தனி ரூம், ஏசி, மரியாதையான பேச்சு இதெல்லாம் வேணும்னு நினைக்கிறது தப்பே இல்ல, அதுக்கு வசதி இருந்து நல்ல பெரிய பிரைவேட் பக்கத்துல இருந்தா போங்க. கடன் வாங்கி, வசதி பத்தாத பிரைவேட்டுக்கு போகாதீங்கன்னுதான் சொல்றேன்.

கவர்மெண்ட்ல நிஜமாவே காசு ஆகாதா?

2011-ல வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி பிரசவம், சிசேரியன், மருந்து, டெஸ்ட், ரத்தம், சாப்பாடு, வண்டி எல்லாமே இலவசம். அது போக கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி மொத்தம் 18,000 ரூபாய், அதுல 14,000 பணமா தவணை தவணையா பேங்க் கணக்குக்கு வரும், மீதி 4,000-க்கு ரெண்டு ஊட்டச்சத்து பெட்டி. முதல் ரெண்டு பிரசவத்துக்குத்தான், வயசு 19 முடிஞ்சிருக்கணும், சீக்கிரமே பதிவு பண்ணியிருக்கணும். தவணை எந்தெந்த மாசம்னு உங்க ஏரியா கிராம சுகாதார நர்ஸம்மா கிட்ட கேளுங்க, பதிவும் அவங்ககிட்டதான்.

சில இடத்துல ஆம்பளப் பிள்ளைன்னா இவ்வளவு, பொம்பளப் பிள்ளைன்னா இவ்வளவுன்னு வார்டுல கை நீட்டுறது நடக்குது. குடுக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல. ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பாக்குற டாக்டர், ஆர்எம்ஓன்னு சொல்லுவாங்க, அவர்கிட்ட சொல்லுங்க, இல்ல 104-க்கு போன் பண்ணி புகார் குடுங்க.

பிக்மி நம்பர்னு சொல்றாங்களே, பிரைவேட்ல பாக்குறவங்களுக்கும் வேணுமா?

வேணும். முழுகாம இருக்கிறதை அரசாங்கத்துல பதிவு பண்ணா குடுக்குற நம்பர் அது. தமிழ்நாட்டுல பிறப்பு சான்றிதழ் வாங்க அந்த நம்பர் கேப்பாங்க, எங்க பிரசவம் ஆனாலும் சரி. 12 வாரத்துக்குள்ள போட்டுருங்க. போடுறதுக்கு 102-க்கு போன் பண்ணலாம், இல்ல நர்ஸம்மாகிட்ட ஆதார் எடுத்துட்டு போங்க.

பிரைவேட் போனா சிசேரியன் பண்ணிருவாங்கன்னு பயமா இருக்கு. உண்மையா?

பயம் சும்மா வந்ததில்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல மொத்த பிரசவத்துல 44.9 சதவீதம் சிசேரியன், பிரைவேட்ல மட்டும் பாத்தா 63.8, கவர்மெண்ட்ல 36. இந்தியா முழுக்க சேத்து 21.5தான். ஒரு நாட்டுல 10 சதவீதத்துக்கு மேல சிசேரியன் கூடுறதால தாயோ பிள்ளையோ சாகுறது மேற்கொண்டு குறையலைன்னு உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொல்லியிருக்கு.

ஆனா இந்த நம்பரை வச்சு ஒரு ஆஸ்பத்திரிய எடை போடுறப்ப கவனம் வேணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு சர்க்கரை, பிரஷர், ரெட்டைப் பிள்ளை, ஏற்கனவே ஆபரேஷன் ஆனவங்கன்னு கஷ்டமான கேஸ் எல்லாம் போய் சேரும், அங்க நம்பர் கூடத்தான் இருக்கும், அதுல தப்பில்ல. அதனால "உங்ககிட்ட எத்தனை சதவீதம் சிசேரியன்?"னு மொட்டையா கேக்காதீங்க. "முதல் பிரசவம், மாசம் நிறைஞ்சு, தலை கீழ இருக்கிற ஒத்தப் பிள்ளை, தானா வலி வந்து வர்றவங்க, இவங்கள்ல எத்தனை பேருக்கு சிசேரியன் ஆகும்?"னு கேளுங்க. உங்கள மாதிரி ஆளுக்கு என்ன நடக்கும்னு இதுலதான் தெரியும். துல்லியமா நம்பர் சொல்லலைன்னாலும் அவங்க யோசிச்சு சொல்றாங்களா, மழுப்புறாங்களான்னு முகத்துலயே தெரியும்.

வலி வர்ற வரைக்கும் காத்திருப்பாங்களா, தேதி தாண்டுனா எத்தனை நாள் பொறுப்பாங்க, எதுக்காக வலி வர வைக்கிற மருந்து வைப்பாங்க, வலி நேரத்துல நடக்க விடுவாங்களா, தண்ணி கஞ்சி குடிக்கலாமா இதையும் கேளுங்க. கர்ப்பவாய் அஞ்சு சென்டிமீட்டர் திறந்தப்புறம்தான் வலி வேகம் எடுக்குதுன்னு 2018-ல உலக சுகாதார நிறுவனத்தோட புது வழிகாட்டுதலே வந்துருச்சு, அதுக்கு முன்னாடி மெதுவா போறது சகஜம், தாயும் பிள்ளையும் நல்லா இருந்தா அவசரப்பட வேண்டியதில்ல. அடியில கீறி விடுறதும் எல்லாருக்கும் வழக்கமா பண்ணக் கூடாது, தேவைப்பட்டாத்தான்.

அதே சமயம், பிள்ளைக்கு துடிப்பு குறையுதுன்னு டாக்டர் சிசேரியன் சொல்றப்ப "காசுக்காக சொல்றாங்க"ன்னு சொந்தக்காரங்க கூடி நின்னு தடுக்குறதையும் கண்ணால பாத்திருக்கேன். அந்த நேரத்துல வாக்குவாதம் பண்ணாதீங்க, முன்னாடியே நம்பிக்கையான இடமா பாத்து போறதுக்குத்தான் இவ்வளவு கேள்வியும்.

நல்ல நாள், நட்சத்திரம் பாத்து சிசேரியன் வைக்கலாமா?

எனக்கும் ஜாதகத்துல நம்பிக்கை உண்டு, எங்க வீட்லயும் பாப்போம். ஆனா மருத்துவ காரணம் எதுவும் இல்லாம 39 வாரம் முடியறதுக்கு முன்னாடி பிள்ளைய வெளிய எடுக்கக் கூடாது, நுரையீரல் முழுசா தயாராகாம மூச்சு திணறி ஐசியூவுக்கு போற பிள்ளைங்க இருக்கு. எப்படியும் சிசேரியன்தான்னு முடிவாகி, டாக்டரே 39 வாரத்துக்கு மேல ரெண்டு மூணு நாள் குடுத்து இதுல எது வேணும்னு கேட்டா அப்ப பஞ்சாங்கம் பாருங்க. விடியக்காலை நாலு மணி நல்ல நேரம்னு கேக்காதீங்க, முழு டீமும் இருக்கிற பகல் நேரம்தான் பிள்ளைக்கு நல்ல நேரம்.

முதல் பிள்ளை சிசேரியன். ரெண்டாவது நார்மலுக்கு முயற்சி பண்ணலாமா?

நிறைய பேருக்கு முடியும். முயற்சி பண்றவங்கள்ல 100-க்கு 60-ல இருந்து 80 பேருக்கு நார்மலாவே ஆகுது. ஆனா பழைய தையல் விடுறதுக்கு சுமாரா 200-ல ஒருத்தருக்கு வாய்ப்பு இருக்கு, விட்டுச்சுன்னா நிமிஷக் கணக்குல ஆபரேஷன் பண்ணணும். அதனால மயக்க டாக்டரும் தியேட்டரும் 24 மணி நேரமும் உள்ளேயே இருக்கிற இடத்துல மட்டும்தான் முயற்சி பண்ணணும். முதல் ஆபரேஷன்ல எந்த பக்கம் கீறினாங்க, எதுக்கு பண்ணாங்கங்கிற டிஸ்சார்ஜ் சம்மரி கட்டாயம் வேணும், தொலைச்சிருந்தா பழைய ஆஸ்பத்திரியில போய் கேட்டு வாங்கிட்டு வாங்க. பல டாக்டருங்க "ஒரு தடவை சிசேரியன்னா எப்பவும் சிசேரியன்"னு சொல்லிருவாங்க, விருப்பம் இருந்தா பெரிய இடத்துல இன்னொரு அபிப்பிராயம் கேளுங்க.

எங்க மேடம் சொந்த கிளினிக்ல பாக்குறாங்க, பிரசவம் மட்டும் வேற ஆஸ்பத்திரியில. பரவாயில்லையா?

பரவாயில்ல, ஆனா நீங்க பாக்க வேண்டியது அந்த வேற ஆஸ்பத்திரியத்தான். ஒன்பது மாசமும் போய் வர்ற கிளினிக்கோட மீன் தொட்டியும் சோபாவும் பிரசவத்தன்னைக்கு கூட வராது. மேடம் ஊர்ல இல்லைன்னா யார் வருவாங்கன்னும் கேட்டு, அந்த டாக்டரையும் ஒரு தடவை பாத்து வச்சுக்கங்க.

வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு போயிருவேன். ரெண்டு ஊர்லயும் பாக்கணுமா?

ஆமா. இதுலதான் நம்ம ஊர் பொண்ணுங்க நிறைய பேர் சிக்குறாங்க, நானும் சிக்கினேன். சென்னையில பெரிய ஆஸ்பத்திரியில ஏழு மாசம் பாத்துட்டு ஒன்பதாம் மாசம் ஊருக்கு வந்து, "எல்லாம் நார்மல்தானே"ன்னு பக்கத்து தெரு நர்சிங் ஹோம்ல போய் நின்னேன். அம்மா வீட்டுக்கு போறது நல்ல வழக்கம், அந்த நேரத்துல அம்மா பக்கத்துல இருக்கிறதுக்கு ஈடே இல்ல. ஆனா ஆஸ்பத்திரிய அம்மா வீட்டு வாசல்ல இருந்து அளக்காதீங்க. நாலஞ்சு மாசத்துல ஊருக்கு போறப்பவே ஒரு தடவை அங்க காட்டி பேர் பதிஞ்சுருங்க, எல்லா ஸ்கேனும் ரத்த டெஸ்டும் ஒரு பைல்ல போட்டு கூடவே போகட்டும், 32 வாரம் வாக்குல இடம் மாறிருங்க.

தூரம்னு பாத்தா, வலி வந்தப்புறம் அரை மணி நேரத்துக்குள்ள போய் சேர்ற மாதிரி இருந்தா நல்லதுன்னு நான் சொல்லுவேன். நல்ல ஆஸ்பத்திரி ஒரு மணி நேர தூரத்துலதான் இருக்குன்னா கடைசி ரெண்டு வாரம் அந்த ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்க வீட்ல தங்குங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

எனக்கு ஹைரிஸ்க்னு எழுதியிருக்காங்க. என்ன செய்யணும்?

பிரஷர், சர்க்கரை, ரத்தம் ரொம்ப கம்மி, ரெட்டைப் பிள்ளை, நஞ்சுக்கொடி கீழ இருக்கிறது, இதய நோய், ஏற்கனவே ரத்தப்போக்கு இதுல எது இருந்தாலும் சின்ன நர்சிங் ஹோமை மறந்துருங்க. குறைமாசத்துல பொறக்க வாய்ப்பு இருந்தா நல்ல என்ஐசியு (பச்சப்பிள்ளைங்களுக்கான ஐசியூ) இருக்கிற இடத்துக்கு பிள்ளை வயித்துக்குள்ள இருக்கிறப்பவே போயிருங்க. பொறந்த பிள்ளைய பெட்டியில வச்சு ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டு போறதை விட வயித்துல வச்சு போறது எவ்வளவோ பாதுகாப்பு, நுரையீரலுக்கான ஊசியும் பொறக்குறதுக்கு முன்னாடியே போட்டுருவாங்க. என்ஐசியுன்னு போர்டு இருந்தா பத்தாது, வென்டிலேட்டர் இருக்கா, எத்தனை வாரத்துப் பிள்ளை வரைக்கும் பாப்பாங்கன்னு கேளுங்க.

உங்க ரத்தம் நெகட்டிவ், வீட்டுக்காரர் பாசிட்டிவ்னா 28 வாரத்துல ஒரு ஆன்டி-டி ஊசி, பிள்ளை பாசிட்டிவா பொறந்தா 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு. ஆஸ்பத்திரி மறந்தாலும் நீங்க மறக்காதீங்க. நெகட்டிவ் ரத்தம் குடுக்கிற ரெண்டு பேரோட நம்பரையும் முன்னாடியே வாங்கி வைங்க.

பிரசவ ரூம்ல கூட ஆள் இருக்கலாமா?

இருக்கணும். தெரிஞ்ச முகம் ஒண்ணு கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தா நார்மல் ஆகுற வாய்ப்பு கூடுது, வலி நேரமும் குறையுதுன்னு ஆராய்ச்சியிலயே வந்திருக்கு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில கூட ஒரு பொம்பளை ஆள் இருக்க அனுமதி உண்டு, உள்ள விடலைன்னா கேட்டு வாங்குங்க. வீட்டுக்காரர் உள்ள வரணும்னா அது பெரிய பிரைவேட்லதான் பெரும்பாலும் நடக்கும், முன்னாடியே கேட்டுக்கங்க. எனக்கு ரெண்டாவது தடவை எங்க அத்தை நின்னாங்க, ராத்திரி முழுக்க இடுப்பை நீவி விட்டாங்க. கூட வர்றவங்க தைரியமானவங்களா இருக்கணும், உங்களுக்கு முன்னாடி அழுறவங்க வேண்டாம்.

வலி தெரியாம இருக்க முதுகுல ஊசி போடுறாங்களே, அது நல்லதா?

எபிடியூரல்னு பேரு. வலியைப் பொறுத்தாத்தான் அம்மான்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, வேணும்னா கேக்குறது உங்க உரிமை. அதை போடவும் பக்கத்துல இருந்து பாக்கவும் மயக்க டாக்டர் வேணும், அதனால பெரிய இடங்கள்ல மட்டும்தான் இருக்கு, சார்ஜும் தனி.

இயற்கையா வீட்லயே பெத்துக்கலாம்னு சொல்றாங்களே?

கையெடுத்து கும்பிட்டு சொல்றேன், வேண்டாம். 2018-ல திருப்பூர்ல யூடியூப் பாத்து வீட்லயே பிரசவம் பாக்கப் போய், ரத்தப்போக்குல ஒரு பொண்ணு இறந்துட்டாங்க, அந்த செய்தியப் படிச்சப்ப எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல, அந்த ஆம்புலன்ஸ்ல நான் கிடந்தது அப்படியே திரும்பி வந்துச்சு. பாட்டி காலத்துல எல்லாம் வீட்லதான பெத்தாங்கன்னு சொல்றவங்க, அந்த பாட்டிகிட்டயே எத்தனை பெத்து எத்தனை தங்குச்சுன்னு கேளுங்க.

இயற்கையா பெக்கணுங்கிற ஆசை நியாயமானது. அதுக்கு பயிற்சி எடுத்த மிட்வைஃப் (நார்மல் பிரசவம் பாக்குறதுக்குன்னே படிச்சவங்க) இருக்கிற ஆஸ்பத்திரிய தேடுங்க. ஹைதராபாத்ல ஃபெர்னாண்டஸ் ஆஸ்பத்திரி இந்த பயிற்சிய ரொம்ப வருஷமா குடுக்குறாங்க, நம்ம பக்கமும் மெல்ல வந்துட்டு இருக்கு. கீழ தியேட்டரும் ரத்தமும் இருந்து, மேல ரூம்ல அமைதியா வலியெடுத்து பெக்குறதுதான் ரெண்டும் சேந்த வழி.

பில்லு, இன்சூரன்ஸ் விஷயத்துல என்ன கவனிக்கணும்?

"பேக்கேஜ்"னு சொல்ற தொகையில மயக்க டாக்டர் ஃபீஸ், குழந்தை டாக்டர் ஃபீஸ், மருந்து, ரத்தம் சேருமா சேராதான்னு எழுதி வாங்குங்க. நார்மல்ல ஆரம்பிச்சு சிசேரியன் ஆனா எவ்வளவு, பிள்ளை என்ஐசியு போனா ஒரு நாளைக்கு எவ்வளவு இதையும். பில்லு எகிர்றது பெரும்பாலும் அந்த கடைசி கேள்வியிலதான்.

சொந்தமா எடுக்குற பாலிசியில பிரசவத்துக்கு வருஷக் கணக்குல காத்திருப்பு காலம் இருக்கும், முழுகாம ஆனப்புறம் எடுத்து பிரயோஜனம் இல்ல. கம்பெனி பாலிசியில முதல் நாள்ல இருந்தே இருக்கலாம் ஆனா உச்சவரம்பு இருக்கும், பிள்ளை பொறந்த நாள்ல இருந்து பிள்ளைக்கும் உண்டான்னு எச்ஆர் கிட்ட கேளுங்க.

பிள்ளை பொறந்தப்புறம் ஆஸ்பத்திரி என்ன பண்ணணும்?

அழுத பிள்ளைய உடனே உங்க நெஞ்சுல போடணும், தொப்புள்கொடிய ஒரு நிமிஷமாவது பொறுத்து வெட்டணும், ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் வைக்க உதவணும், சிசேரியன்னாலும் உதவுனா முடியும். வைட்டமின் கே ஊசி, பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை (ஹெபடைட்டிஸ் பி) தடுப்பூசி போட்டாங்களான்னு பாருங்க, தைராய்டு டெஸ்டும் காது கேக்குற டெஸ்டும் பண்ணுவாங்களான்னு கேளுங்க. பால் வரலைன்னு சொல்லி முதல் நாளே பவுடர் டப்பா எழுதித் தர்ற இடத்தை எனக்கு பிடிக்காது. பவுடர் பாலை ஆஸ்பத்திரியில விளம்பரம் பண்றதே 1992 சட்டப்படி தப்பு. முதல் ரெண்டு நாள் வர்ற சீம்பால் சொட்டு சொட்டாத்தான் இருக்கும், பிள்ளை வயிறும் அவ்வளவுதான், அதைச் சொல்லி தைரியம் குடுக்கிற ஒரு நர்ஸ் இருந்தா அந்த ஆஸ்பத்திரி போதும்.

எட்டாம் மாசம் ஆயிருச்சு, இப்ப ஆஸ்பத்திரி மாத்தலாமா?

மனசு ஒப்பலைன்னா மாத்துங்க. "இவ்வளவு நாள் பாத்த டாக்டர் என்ன நினைப்பாங்க"ன்னு எத்தனையோ பேர் வாய மூடிட்டு இருக்காங்க. நன்றி சொல்லிட்டு பைலை வாங்கிட்டு கிளம்புங்க. புது இடத்துல ஒரு ஸ்கேன் திரும்ப எடுக்கச் சொல்லலாம், அவ்வளவுதான் நஷ்டம். 36 வாரத்துக்குள்ள மாத்திட்டா நல்லது.

எப்ப கிளம்பணும்னு எப்படி தெரியும்?

வலி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை விட்டு விட்டு வந்து, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் நின்னா கிளம்புங்க. தலைப்பிரசவம் இல்லைன்னா அதுக்கும் முன்னாடியே. வலியே இல்லாம கிளம்ப வேண்டியதும் உண்டு: பனிக்குடம் உடைஞ்சா, தண்ணி பச்சையா இருந்தா, ரத்தம் பட்டா, பிள்ளை அசைவு குறைஞ்சா, தாங்க முடியாத தலைவலியோட கண்ணு மங்குனா, வலிப்பு வந்தா. இதுல எதுக்குமே "விடியட்டும் பாப்போம்"னு இருக்காதீங்க, அத்தை சொன்னாலும் சரி அம்மா சொன்னாலும் சரி. வண்டி இல்லைன்னா 108.

பைலும் பிக்மி நம்பரும் ரெண்டு நைட்டியும் பிள்ளைக்கு பழைய வேட்டித் துணியும் போட்ட பை 36 வாரத்துல இருந்தே கதவுக்கு பக்கத்துல இருக்கட்டும். உங்க ரத்த குரூப்பையும், குடுக்க வர்ற ரெண்டு பேர் நம்பரையும், போக வேண்டிய ஆஸ்பத்திரியோட பிரசவ வார்டு நம்பரையும் ஒரு பேப்பர்ல பெருசா எழுதி பிரிட்ஜ்ல ஒட்டிருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களால பேச முடியாது, வீட்ல இருக்கிறவங்க அதைப் பாத்துத்தான் போன் பண்ணணும்.